கொண்டை சாய்ந்தவனுக்கு ஒரு சொல்

எங்கள் வளவில் இரண்டு சேவல்கள் நிற்கின்றன. மூத்தது செந்நிறம், இளையது கருமையும் வெள்ளையும் கலந்தது. சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் கிணற்றடியில் இரண்டும் மோதிக்கொண்டன. பாய்வதற்கு முன்னர் இளைய சேவல் நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது: கழுத்து இறகுகள் குடைபோல விரிந்திருந்தன, மார்பு முன்தள்ளியிருந்தது, சிவந்த கொண்டை விறைத்து நின்றது. மூன்று நான்கு பாய்ச்சலிலேயே அது தோற்றுப்போனது. விரிந்த இறகுகள் உடலோடு ஒட்டிக்கொள்ள, தலையைத் தாழ்த்தியபடி கோடிப்பக்கத்து முருங்கையின் கீழே போய் ஒதுங்கியது. பெரிய காயம் எதுவுமில்லை. அரைமணி நேரத்தில் மீண்டும் இரை பொறுக்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் அந்த அரைமணி நேரத்துள் வளவுக்குள் வந்த எவரும், நடந்ததைக் கேளாமலே, தோற்றது எது என்று சொல்லியிருப்பர்.

அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச்சொல் உண்டு: கிறெஸ்ற்ஃபோலன் (crestfallen). அன்றாடப் பேச்சில் அதிகம் அடிபடாத இச்சொல், கதைகளிலும், விளையாட்டுச் செய்திகளிலும், தேர்தலில் தோற்றவர்களைப் பற்றிய கட்டுரைகளிலும் அவ்வப்போது தலைகாட்டும். ஆங்கிலம் படிக்கும் நம் மாணவர்கள் இதைக் கண்டவுடன் அகராதியைப் புரட்டுகிறார்கள், ‘மனமுடைந்த’, ‘சோர்வுற்ற’ என்று பொருள் இருக்கிறது, குறித்துக்கொள்கிறார்கள். பொருள் பிழையில்லை. ஆனால் அந்தப் பொருளை மட்டும் நம்பி எழுதினால் சொல் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்படி உட்கார்ந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். நான் மாலை வேளைகளில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதுண்டு. உயர்தர வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி, தன் அம்மம்மா இறந்த நாளைப் பற்றி உருக்கமான கட்டுரை ஒன்றை எழுதி வந்தாள். வெள்ளைத் துணி விரித்த விறாந்தை, வாசலில் கட்டிய வாழை, பறைச்சத்தம் என எல்லாம் இருந்தன. நடுவே, ‘அன்று நான் கிறெஸ்ற்ஃபோலனாக இருந்தேன்’ என்றொரு வாக்கியம். நான் அந்தச் சொல்லின் கீழ்க் கோடிட்டதும் அவள், “ஏன் சேர், கவலை எண்டுதானே கருத்து?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு அன்று நான் கொடுத்த விடை அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விடையின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. கிறெஸ்ற் என்பது உச்சியில் நிமிர்ந்து நிற்பது: பறவையின் தலைக்கொண்டை, போர்வீரனின் தலைக்கவசத்து மேல் நின்ற சூட்டு, குதிரையின் பிடரிமேடு ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கொண்டை, இறகுச்சூட்டு என்று பொருள்படும் கிறிஸ்ரா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. ஃபோலன் என்பது வீழ்ந்த, சாய்ந்த என்பதாகும். எனவே சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘கொண்டை சாய்ந்த’ என்று வரும். தோற்ற சேவலைப் பார்த்து இச்சொல் பிறந்ததா, தலை தொங்கிய குதிரையைப் பார்த்துப் பிறந்ததா என்று சொல்வரலாறு எழுதுவோர் இரண்டையும் சுட்டுவர். எதுவாயினும் படம் ஒன்றுதான்: நிமிர்ந்து நின்ற ஒன்று சாய்ந்துவிட்டது.

நிமிர்ந்து நின்ற என்ற அந்த முற்பகுதியே இச்சொல்லின் உயிர். சாய்வதற்கு முன்னர் ஒரு நிமிர்வு இருந்திருக்க வேண்டும். ஒருவர் ஏதோவொன்றை எதிர்பார்த்து, நம்பி, ஓரளவு பெருமிதத்தோடும் நின்றிருக்க வேண்டும். அந்தப் பெருமிதம் பிறர் காணும்படி இறங்கியிருக்க வேண்டும். முன்னர் நிமிராதவர் இச்சொல்லுக்கு உரியவராக மாட்டார். பரீட்சை முடிவு வருமுன்னரே தேறமாட்டேன் என்று தெரிந்து வைத்திருந்த மாணவன், முடிவு வந்தபின் கவலைப்படலாம். ஆனால் சாய்வதற்கு அவனுக்குக் கொண்டை இல்லை. மூன்று பாடங்களிலும் ‘ஏ’ வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பெறுபேற்றுத் தாளில் ஒரு ‘சீ’யைக் கண்டவன்தான் கிறெஸ்ற்ஃபோலன்.

இந்த இலக்கணத்தைத் தமிழர் அறியாதவர்கள் இல்லை. கம்பர் அதைக் காட்டிய விதத்தைவிடச் சிறப்பாக வேறெவரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. முதல்நாட் போரில் படைக்கலம் அனைத்தையும் இழந்து, இன்று போய் நாளை வா என்ற சொல்லையும் கேட்டுக்கொண்டு இராவணன் நகர் திரும்புகிறான். அவன் வருந்தினான் என்று கம்பர் தொடங்கவில்லை. வாரணம் பொருத மார்பு, வரையினை எடுத்த தோள், நாரத முனிவரும் ஏற்கும்படி இசைத்த நா, மாலை அணிந்த பத்து மகுடங்கள், சங்கரன் கொடுத்த வாள், வீரம் என அவனுடைய உயரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார். அடுக்கி முடித்துவிட்டு, இத்தனையையும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான் என்கிறார். பாட்டின் முதல் மூன்று அடிகளிலும் உயரம் ஏறுகிறது. வீழ்ச்சி கடைசி அடியில் நிகழ்ந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் பத்து மகுடங்களும் இருப்பதைக் கவனியுங்கள். கொண்டை சாய்ந்த என்பதற்கு இதைவிட நேரான படம் வேறு கிடைக்காது.

சற்றுத் தள்ளி வரும் பாட்டில் அவனுடைய பார்வையைக் காட்டுகிறார். அவன் திசைகளை நோக்கவில்லை, வளநகரை நோக்கவில்லை, எதிர்வந்த அன்பு மைந்தரை நோக்கவில்லை, கடல்போன்ற சேனையை நோக்கவில்லை, மாதர் தனித்தனியே அவனை நோக்க, அவனோ நிலம் என்னும் நங்கையை மட்டுமே நோக்கியபடி நுழைகிறான். இவ்விடத்தில் மனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாழ்ந்த கண் மட்டுமே இருக்கிறது. ஆங்கிலத்தில் கிறெஸ்ற்ஃபோலன் என்ற சொல்லை நன்றாகப் பயன்படுத்தும் எழுத்தாளர் செய்வதும் இதுவே: உள்ளத்தை விட்டுவிட்டு, வெளியே தெரிவதைக் காட்டுவது.

வெளியே தெரிவதை நம் இலக்கணம் மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தது. அவற்றுள் அழுகை என்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியம். இளிவு என்பது பிறர் முன் எளிமைப்படுதல். இழவு என்பது உற்றாரையும் உடைமையையும் இழத்தல். அசைவு என்பதை, பண்டை நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் என்று உரைகாரர் விளக்குவர். இப்போது என் மாணவியின் கேள்விக்கு முழு விடையும் கிடைத்துவிடுகிறது. அவள் அம்மம்மாவின் மறைவில் அடைந்தது இழவின் துயர். கிறெஸ்ற்ஃபோலன் என்பதோ இளிவும் அசைவும் சேர்ந்த இடத்தில் நிற்கும் சொல். மரணத்துக்கு அது சிறிய சொல் மட்டுமன்று. பொருந்தாத சொல்லும் ஆகும். ஏனெனில் செத்தவீட்டில் அழுபவரின் பெருமிதம் அடிபட்டது என்று அது குறிப்பாற் சொல்லிவிடும். அந்தக் குறிப்பு எழுதியவளின் நெஞ்சில் இருந்திருக்காது. படிப்பவர் அதைக் கேட்டுவிடுவார்.

சொல்லின் வயதையும் அறிந்துகொள்வது நல்லது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இது ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. ஷேக்ஸ்பியர் தம் நாடகங்கள் சிலவற்றில் இதைக் கையாண்டிருக்கிறார். இரண்டாம் றிச்சர்ட் நாடகத்தின் முதற் காட்சியில், அரசன் முன்னே எதிரியோடு வழக்காடி நிற்கும் இளங்கோமகன் ஒருவனை, சமாதானமாகிப் பின்வாங்கும்படி சொல்கிறார்கள். என் தந்தையின் கண்முன் நான் கிறெஸ்ற்ஃபோலனாகத் தோன்றுவதா என்று அவன் கேட்கிறான். அதற்கடுத்த அடியிலேயே தன் உயரத்துக்கு இழுக்கு வரவிடலாமா என்றும் கேட்கிறான். உயரமும் சாய்வும் அருகருகே நிற்கின்றன. காண்பவரும் இருக்கிறார், அதுவும் தந்தை. அதே ஆசிரியர் ஒரு நகைச்சுவை நாடகத்தில், ஊரார் ஏளனம் செய்தால் காய்ந்து சுருங்கிய பேரிக்காய்போலக் கிறெஸ்ற்ஃபோலனாகிவிடுவேன் என்று பருத்த உடம்புக்காரர் ஒருவரைப் புலம்ப வைக்கிறார். அக்காலத்தில் கோமகனின் மானத்துக்கும் இச்சொல் பொருந்தியது, கோமாளியின் மானத்துக்கும் பொருந்தியது.

இன்று அது அளவில் சிறுத்திருக்கிறது. அரசு இழந்தவனுக்கு இன்றைய ஆங்கில எழுத்தாளர் இதை இட்டால், அவனைச் சற்றே சிறுபிள்ளையாக்கியது போன்ற தொனி வந்துவிடும். கம்பனின் இராவணனை ஆங்கிலத்தில் எழுதுபவர், படம் முழுதும் பொருந்தினாலும், இந்தக் காரணத்துக்காக வேறு சொல்லைத் தேடுவதே நல்லது என்பது என் எண்ணம். பரிசு கிடைக்காத சிறுவன், கடைசிப் பந்தில் ஆட்டமிழந்த துடுப்பாட்டக்காரர், நேர்முகத் தேர்விலிருந்து வெளியே வரும் இளைஞன், தாம் சமைத்ததை விருந்தினர் தொடாமல் விட்டதைக் கண்ட வீட்டுக்காரர் ஆகியோருக்கே இன்று இது இயல்பாகப் பொருந்துகிறது. இழப்பு உண்மையானது; ஆனால் உலகம் முடிந்துவிடவில்லை. பார்ப்பவர் மனத்தில் இரக்கமும் எழுகிறது, நாளைக்குச் சரியாகிவிடும் என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. எங்கள் இளைய சேவல் அரைமணி நேரத்தில் இரை பொறுக்கியதுபோல.

இலக்கணத்தில் இது பெயரடை. ‘கிறெஸ்ற்ஃபோலன் முகம்’, ‘கிறெஸ்ற்ஃபோலன் பார்வை’ என்று பெயரின் முன்னும் வரும். தோன்றினான், நின்றான், திரும்பினான் என்ற பொருளுடைய வினைகளின் பின்னும் வரும். இரண்டாவதே கூடுதல் வழக்கு. முன்பு நடுவில் சிறுகோடிட்டு எழுதினர். இப்போது ஒரே சொல்லாக எழுதுவர். அழுத்தம் முதல் அசையில். நடுவிலுள்ள ‘ற்’ (t) ஓசை பேச்சில் பெரும்பாலும் கரைந்துவிடும். வீடு, தெரு, வானம் போன்ற உயிரற்றவற்றுக்கு இதைச் சேர்ப்பது வழக்கமில்லை. ‘மிகுந்த துயரத்தோடு கிறெஸ்ற்ஃபோலனாக நின்றான்’ என்று எழுதினால் ஒன்றையே இருமுறை சொன்னதாகிவிடும். தன்னிலையிலும் இது வரும். ஆயினும் இது வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல் என்பதால், பிறரை வருணிக்கும்போதே முழுவலிமையோடு நிற்கும்.

இனி, எழுதும் வழக்கத்துக்கு வருவோம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியை எடுத்துக்கொள்வோம். என் வகுப்பில் இதைப் பற்றி எழுதச் சொன்னபோது பலரும் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: ‘சிறுவனின் பட்டம் அறுந்துபோயிற்று. அவன் கிறெஸ்ற்ஃபோலனாக நின்றான்.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அந்தச் சிறுவன் எப்போது நிமிர்ந்தான் என்பதை நமக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அவன் சாய்ந்ததும் நம் கண்ணில் படவில்லை.

இதையே மாற்றி எழுதிப் பார்ப்போம். இரண்டு கிழமையாக ஈர்க்குச் சீவி, சோடித்து, காற்றில் ஓசை எழுப்பும் விண் பூட்டிய பட்டம். காலையிலிருந்தே “என்ர பட்டம்தான் உயர நிக்கும், இருந்து பாருங்கோ” என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். பட்டம் ஏறியபோது விண் கூவியது; கடற்கரையில் நின்ற பெரியவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள்; அவர்கள் பார்க்கிறார்களா என்பதை அவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். நூல் அறுந்தது. பட்டம் கடற்பக்கமாகப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அவன் கையில் மிஞ்சிய நூலை, அவசரம் எதுவுமில்லாமல், கட்டையில் சுற்றத் தொடங்கினான், கிறெஸ்ற்ஃபோலனாக.

இந்த வடிவில் அச்சொல்லுக்கு முன்னால் மூன்று நிமிர்வுகள் இருக்கின்றன: அவன் பேச்சு, பட்டத்தின் ஏற்றம், பெரியவர்களின் அண்ணாந்த முகங்கள். அதனால் சொல் வந்தவுடன் பாரம் அதன்மேல் இறங்குகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் காட்டிய பின்னர், ஆற அமர நூல் சுற்றும் கைகளே போதும், அச்சொல்லே தேவையில்லை என்று நினைக்கும் எழுத்தாளரும் உண்டு. அவர் நினைப்பதும் சரியே. ஒரு கட்டுரையிலோ ஒரு கதையிலோ அதிகமானால் ஒரு தடவை என்பதே இத்தகைய அரிய சொல்லுக்கு நான் வைத்திருக்கும் அளவு. அடுத்த பக்கத்திலும் அது வந்தால், படிப்பவரின் கண் பாத்திரத்தை விட்டுச் சொல்லின்மேல் போய்விடும்.

இதன் அயலில் நிற்கும் வேறு சொற்களோடு ஒப்பிட்டால் எல்லை இன்னும் தெளியும். டிஜெக்ரெட் (dejected) என்பது கீழே எறியப்பட்ட என்ற இலத்தீன் மூலத்தது. பொதுவான சோர்வுக்கு அது போதும், முன்னைய உயரம் வேண்டியதில்லை. டெஸ்பொண்டென்ற் (despondent) என்பதில் நம்பிக்கையே கைவிடப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் வேலை தேடிக் களைத்தவருக்கு உரியது, அரைமணி நேரத்தில் தீராது. ஃபோர்லோன் (forlorn) என்பதில் தனிமையும் கைவிடப்படுதலும் உண்டு. போரின்பின் கூரையின்றி நின்ற வீட்டுக்கும் அதைச் சொல்லலாம். டவுன்காஸ்ற் (downcast) என்பது தாழ்ந்த கண்ணைச் சொல்வது. கிறெஸ்ற்ஃபோலனுக்கு மிக அண்மையது, ஆனால் காரணத்தைச் சொல்லாது. சாப்ஃபோலன் (chapfallen) என்று இன்னொன்று உண்டு. தாடை தொங்கிய என்பது அதன் நேர்ப்பொருள். இப்போது பழம்புத்தகங்களில் மட்டுமே காணலாம்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு மிகவும் விருப்பமான கேள்வி. 1842இல் மானிப்பாய் அகராதியைக் கண்ட மண் இது; 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோவின் பேரகராதிக்கான தொகுப்பு வேலையும் யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கியது. இங்கே சொல்லுக்குச் சொல் தேடுவது பழைய பழக்கம். ஆனால் இச்சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடுவதைவிட, இடமறிந்து ஒரு தொடரைத் தெரிவதே பயன் தரும். ‘முகம் வாடிப்போச்சு’ என்று வீட்டில் சொல்கிறோமே, அது இரக்கத்திலும் அளவிலும் மிக நெருங்கி வருகிறது. நிமிர்வு மட்டும் அதில் குறைவு. ‘மூக்குடைபட்டான்’ என்பதில் நிமிர்வும் உண்டு, பிறர் காண்பதும் உண்டு; ஆனால் அது நடந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது, கிறெஸ்ற்ஃபோலன் அதற்கு அடுத்த கணத்து முகத்தைச் சொல்கிறது. மூக்குடைபட்டவன் கிறெஸ்ற்ஃபோலனாக வீடு திரும்புவான். ‘கொட்டம் அடங்கியது’ என்பது வீழ்ச்சியை மகிழ்ச்சியோடு பார்ப்பவரின் வாக்கு. அந்த மகிழ்ச்சி ஆங்கிலச் சொல்லில் இல்லை. ‘வாலைச் சுருட்டிக்கொண்டு போனான்’ என்பதில் அச்சம் கலந்துவிடுகிறது. ‘தலை குனிந்தான்’ என்றால் குற்றவுணர்வோ நாணமோ என்று படிப்பவர் ஐயுறுவார்.

ஆகவே மொழிபெயர்க்கும்போது நான் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்துவிடுவேன்: நிமிர்வை ஒரு வினையெச்சத்தில் வைத்து, சாய்வை முற்றில் வைப்பேன். ‘வெற்றி நமக்கே என்று நின்றவர், முகம் வாடித் திரும்பினார்.’ ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடக்கியதைத் தமிழ் ஓர் எச்சத்திலும் ஒரு முற்றிலும் விரிக்கிறது. சொல் கூடினாலும் பொருள் சிந்துவதில்லை. ‘கொண்டை சாய்ந்து’ என்றே நேராக எழுதிவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சேவற்கொடி ஏந்திய முருகனை நல்லூரில் வழிபடும் ஊருக்குச் சேவலின் நிமிர்வை விளக்கத் தேவையில்லைத்தான். என்றாலும், கொண்டை என்றால் முதலில் பெண்களின் முடிச்சுக் கொண்டையே நினைவுக்கு வரும் என்பதால், முன்வாக்கியத்தில் சேவலைக் கொண்டுவந்து நிறுத்தினாலன்றி நான் அப்படி எழுதமாட்டேன்.

என் மாணவி அந்தக் கட்டுரையைத் திருத்திக் கொண்டுவந்தாள். அம்மம்மாவின் மறைவைச் சொன்ன இடத்தில் அச்சொல்லை எடுத்துவிட்டு, வாக்கியத்தை எளிய சொற்களில் விட்டிருந்தாள். ஆனால் சொல்லைக் கைவிடவில்லை. அதற்கு முன்னைய ஆண்டு, பேச்சுப் போட்டியில் முதலிடம் தனக்கே என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய், பெயர் வாசிக்கப்படாமல் திரும்பி வந்து அம்மம்மாவின் மடியில் படுத்த மாலையை ஒரு பந்தியாகச் சேர்த்து, கிறெஸ்ற்ஃபோலன் என்ற சொல்லை அங்கே வைத்திருந்தாள்.